சீட்டு உண்டு, இடம் இல்லை
விமான மிகைப்பதிவும் பயணிகள் காத்துக்கொள்ளும் வழிகளும்

பந்திக்கு முந்து என்பது நாட்டு வழக்கு. திருமண வீட்டில் முதற்பந்தியில் இடம் கிடைக்காதவர் பெரிதும் வருந்த வேண்டுவதில்லை. இலை எடுத்த பின்னர் இரண்டாம் பந்தி உண்டு. மூன்றாம் பந்தியும் உண்டு. அழைக்கப்பட்ட அனைவரும் வரமாட்டார்கள் என்பதையும், வருவோரும் ஒரே நேரத்தில் அமரமாட்டார்கள் என்பதையும் அறிந்தே வீட்டார் அழைப்பிதழ் அனுப்புகின்றனர். விமான நிறுவனங்கள் பலவும் ஏறக்குறைய இதே கணக்கைக் கொண்டுதான் சீட்டு விற்கின்றன. ஆனால், விமானத்தில் இரண்டாம் பந்தி இல்லை. வந்தவர் தொகை இருக்கைகளின் தொகையை மீறிவிட்டால், பணம் கட்டிச் சீட்டும் வைத்திருக்கும் ஒருவர் வெளியே நிற்க நேர்கிறது.

அவ்வாறு நிற்பவருடைய நிலை எளிதன்று. மறுநாட் காலையில் தங்கையின் திருமணம் இருக்கலாம். தந்தையின் இறுதிச்சடங்கு இருக்கலாம். ஓராண்டு உழைத்துப் பெற்ற பதினைந்து நாள் விடுமுறையில் ஒரு நாள் கழிந்துபோகலாம். சாங்கியிலிருந்து சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் செல்லும் தமிழர் பெரும்பாலும் இத்தகைய காரணங்களுக்காகவே செல்கின்றனர். ஆதலின், சீட்டு இருந்தும் இடம் மறுக்கப்படுவது ஏன், அதற்கு ஆளாவோர் யார், அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை அறிந்திருத்தல் யாவர்க்கும் பயனுடையதாகும்.

சொல்லும் பொருளும்

ஒரு விமானத்தில் உள்ள இருக்கைகளைக் காட்டிலும் மிகுதியான சீட்டுகளை விற்பதை மிகைப்பதிவு என்று கூறலாம். அதன் விளைவாக, சீட்டுடன் உரிய நேரத்தில் வந்த பயணியை ஏற்ற மறுப்பதை இடமறுப்பு எனலாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. மிகைப்பதிவு நாள்தோறும் நிகழக்கூடியது. பயணிகள் அதனை உணர்வதில்லை. இடமறுப்பு எப்போதோ ஒருமுறை நிகழ்வது. அதற்கு ஆளானவர் அதனை எளிதில் மறப்பதில்லை.

இடமறுப்புக்கு மிகைப்பதிவு ஒன்றே காரணமன்று. பெரிய விமானம் பழுதுபட்டு அதற்குப் பதிலாகச் சிறிய விமானம் வந்தாலும், எடை வரம்பு காரணமாகச் சில இருக்கைகளைக் காலியாக விட நேர்ந்தாலும், வேற்றூரில் பணியேற்க வேண்டிய விமான ஊழியர்க்கு இடம் தேவைப்பட்டாலும், பயணிகள் சிலர் நிறுத்தப்படலாம். காரணம் எதுவாயினும் பயணி படும் துன்பம் ஒன்றே.

கப்பற் காலமும் விமானக் காலமும்

முன்னாளில் சிங்கப்பூர்த் தமிழர் தாயகம் செல்வது கப்பலில்தான். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. அதன் பின்னர் வந்த சிதம்பரம் என்னும் கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. அதனுடன் அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுற்றது. தளப் பயணிக்கு இருக்கை எண் கிடையாது. பாய் விரித்த இடமே அவருடைய இடம். சற்று நெருங்கி அமர்ந்தால் இன்னொருவருக்கும் இடம் கிடைக்கும்.

விமானத்தில் நெருங்கி அமர்வதற்கு வழியில்லை. ஒருவர்க்கு ஓர் இருக்கை, ஓர் இருக்கைக்கு ஓர் இடைவார் என்பது பாதுகாப்பு விதி. காலாங் விமான நிலையம் 1937இலும், பாய லேபார் நிலையம் 1955இலும், சாங்கி நிலையம் 1981இலும் திறக்கப்பட்டன. இந்நிலையங்களின் வளர்ச்சியோடு பயணம் விரைவாயிற்று. கட்டணமும் பலர்க்கு எட்டுவதாயிற்று. ஆனால், இடத்தைப் பற்றிய நெகிழ்ச்சி மட்டும் மறைந்துவிட்டது. பயணி தம் சீட்டை ஓர் இருக்கையின் உரிமைப் பத்திரமாக எண்ணுகிறார். நிறுவனமோ அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதாகத் தந்த வாக்குறுதியாக மட்டுமே கருதுகிறது; சீட்டுடன் சேர்ந்த நிபந்தனைகளில் இடமறுப்பைப் பற்றிய பிரிவும் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். சிக்கலின் வேர் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

நிறுவனத்தின் கணக்கு

லிட்டில் இந்தியாவில் துணிக்கடையும் உண்டு, பூக்கடையும் உண்டு. இன்று விலைபோகாத சேலையை நாளை விற்கலாம். இன்று விலைபோகாத மல்லிகையை நாளை விற்க இயலாது. விமான இருக்கை மல்லிகையைப் போன்றது. கதவு சாத்தப்பட்ட அந்த நொடியிலேயே காலி இருக்கையின் மதிப்பு அழிந்துவிடுகிறது. சீட்டு வாங்கியவருள் சிலர் எப்போதும் வருவதில்லை. நோயுற்றவர், பயணத்தை மாற்றியவர், முந்தைய விமானம் தாமதமானதால் இணைப்பைத் தவறவிட்டவர் எனப் பலர் இருப்பர். அவர்தம் இடங்கள் வீணாகாமலிருக்கவே நிறுவனம் சில சீட்டுகளைக் கூடுதலாக விற்கிறது. கட்டணம் திரும்பப் பெறத்தக்க சீட்டுகள் மிகுந்த விமானத்தில் வாராதோர் தொகையும் மிகும். பணம் திரும்பாத மலிவுச் சீட்டுகள் மிகுந்த விமானத்தில் அத்தொகை குறையும்.

எடுத்துக்காட்டாக, 180 இருக்கைகள் கொண்ட விமானத்துக்கு 186 சீட்டுகள் விற்கப்பட்டன எனக் கொள்வோம். சீட்டு வாங்கிய நூற்றுவரில் 95 பேர் வருவது வழக்கமாயின், வருவோர் சராசரியாக 177 பேர். மூன்று இருக்கைகள் காலியாகவே இருக்கும். இருப்பினும் சராசரி என்பது ஒவ்வொரு நாளும் அப்படியே நிகழ்வதன்று. ஒவ்வொருவர் வருகையும் தனித்தனியே நிகழ்வதாகக் கொண்டு நிகழ்தகவு முறைப்படி கணக்கிட்டால், ஏறத்தாழப் பத்துப் பயணங்களில் ஒன்றில் 180 பேருக்கு மேல் வந்து நிற்பர்.

இனி, தீபாவளியை ஒட்டிய நாள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அன்று பயணத்தைக் கைவிடுவோர் மிகச் சிலரே. நூற்றுவரில் 98 பேர் வருவதாகக் கொண்டால், அதே 186 சீட்டுகளுக்குச் சராசரியாக 182 பேர் வருவர். அப்போது ஐந்து பயணங்களில் ஏறத்தாழ நான்கில் இடம் போதாது. வருவோர் விழுக்காட்டில் மூன்றே வேறுபாடு; விளைவிலோ பத்தில் ஒன்று என்பது ஐந்தில் நான்கு என்றாகிறது. நிறுவனங்கள் இதனை அறியாதவை அல்ல. பண்டிகைக் காலத்தில் கூடுதற் சீட்டுகளைக் குறைத்தே விற்க முயல்கின்றன. ஆயினும் கடந்தகாலக் கணக்கைக் கொண்டு வருங்காலத்தை மதிப்பிடும் எம்முறையும் சில நாட்களில் பிழைபடும். அப்பிழையின் சுமை நிறுவனத்தின் மீது மட்டும் விழுவதில்லை. வாயிலில் நிற்கும் பயணியின் மீதும் விழுகிறது.

ஒரு வழக்கும் ஓர் எண்ணமும்

மிகைப்பதிவைப் பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளுள் பெயர்பெற்றது அமெரிக்காவில் எழுந்தது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்ட் நகர்க்குச் சென்று ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. அலிகேனி ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் அந்த விமானத்தில் இருந்தவை 100 இருக்கைகள். உறுதி செய்யப்பட்ட பதிவுகள் 107. புறப்படும் நேரத்துக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னர் வந்த நேடர்க்கு இடமில்லை எனக் கூறப்பட்டது. உள்ளே அமர்ந்திருப்போரில் எவரேனும் தாமாக இடம் விட்டுத் தருவாரா என்று கேட்குமாறு அவர் வேண்டினார். ஊழியர் இணங்கவில்லை.

நேடர் வழக்குத் தொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மிகைப்பதிவு செய்வதைப் பயணிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்தது ஏமாற்றாகும் என்னும் அடிப்படையில் அவர் வழக்கை நடத்தலாம் என்றும், அதற்கு அரசாங்க விமான வாரியத்தின் முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை என்றும் 1976இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது.

நேடர் அன்று வாயிலில் கேட்டது புதிய எண்ணமன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1968இல், ஜூலியன் சைமன் என்னும் பொருளியலறிஞர் அதனை ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். இடம் போதாதபோது பயணிகள் ஒவ்வொருவரும் எவ்வளவு தொகை கொடுத்தால் அடுத்த விமானத்தில் செல்ல இசைவர் என்பதை எழுதித் தரட்டும். குறைந்த தொகை கேட்டவர்க்கு அதனைக் கொடுத்து இடத்தைப் பெறலாம் என்பது அவருடைய கருத்து. விரைந்து செல்ல வேண்டியவர் செல்வார். நேரமுள்ளவர் பணம் பெறுவார். எவர்க்கும் மனக்குறை இராது. விமான நிறுவனங்கள் இதனை நடவாத செயல் என ஒதுக்கின. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1978இல், அமெரிக்க விமான வாரியம் முதலில் விட்டுக்கொடுப்போரைத் தேடிய பின்னரே பிறரை நிறுத்த வேண்டும் என விதித்தது. இன்று பல நாடுகளின் விதிகளிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது.

இம்முறையும் முறையாகக் கையாளப்படாவிட்டால் பயனற்றதாகும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிக்காகோ நகரில், யுனைடெட் நிறுவனத்தின் பெயரில் ஓடிய விமானம் ஒன்றில் ஊழியர் நால்வர்க்கு இடம் தேவைப்பட்டது. கூறிய தொகைக்கு எவரும் இசையவில்லை. தொகையை மேலும் உயர்த்தாமல், அமர்ந்திருந்த பயணி ஒருவரைக் காவலர் இழுத்துச் சென்றனர். அக்காட்சியை உலகம் முழுதும் கண்டது. இருக்கையில் அமர்ந்துவிட்ட பயணியை இடமின்மையைக் காரணமாகக் கூறி இறக்கலாகாது என்னும் விதி அதன் பின்னரே அமெரிக்காவில் உருவாயிற்று.

ஒரே பயணம், வெவ்வேறு காப்பு

சிங்கப்பூர்த் தமிழர் குறிப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. போகும் வழியில் உள்ள காப்பு வேறு. வரும் வழியில் உள்ள காப்பு வேறு.

இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வகுத்து, 2016இல் திருத்திய விதி உள்ளது. அதன்படி, இடம் போதாதபோது நிறுவனம் முதலில் விட்டுக்கொடுப்போரைக் கேட்க வேண்டும். உறுதிச் சீட்டுடன் உரிய நேரத்தில் வந்தவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால், முதல் விமானத்தின் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் ஏற்பாடு செய்யப்பட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்யப்பட்டால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்த தொகையின் 200 விழுக்காடு, 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் தரப்பட வேண்டும். அதற்கும் மேற்பட்டால் 400 விழுக்காடு, 20,000 ரூபாய்க்கு மேற்படாமல் தரப்பட வேண்டும். மாற்று விமானம் வேண்டாம் என்பவர் கட்டணத்தைத் திரும்பப் பெறுவதுடன் இந்த 400 விழுக்காட்டு இழப்பீட்டையும் அதே வரம்புக்குள் பெறலாம். இந்திய நிறுவனங்கள் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவை. அயல்நாட்டு நிறுவனங்கள் தத்தம் நாட்டு விதிப்படியும் நடந்துகொள்ளலாம். விதியைப் பின்பற்றாதோர் தண்டிக்கப்பட்டதும் உண்டு. பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வுகளுக்குப் பின்னர், 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏர் இந்தியா நிறுவனத்துக்கு இவ்வியக்ககம் 10 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது.

சிங்கப்பூரில் இடமறுப்புக்கு இன்ன தொகை தரப்பட வேண்டும் என வரையறுக்கும் தனிச்சட்டம் இல்லை. சிங்கப்பூர் 2007இல் இணைந்த மான்ட்ரியல் உடன்பாடு தாமதத்தால் விளையும் இழப்பைப் பற்றிக் கூறுகிறது. இடமறுப்புக்கென நிலையான தொகை எதனையும் அது குறிக்கவில்லை. ஆகவே, சாங்கியில் நிறுத்தப்பட்டவர் நிறுவனத்தின் நிபந்தனைகளையும், ஒப்பந்தச் சட்டத்தையும், தம் வாய்த்திறனையுமே பெரும்பாலும் நம்ப வேண்டியுள்ளது. உடன்பாடு எட்டாதபோது சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலும் முறையிடலாம். அம்மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் உள்ள கோரிக்கைகளை விசாரிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கப்பட வேண்டும். அங்கு வழக்கறிஞர் வாதிடுவதில்லை. ஆதலின் செலவும் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றி, 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 17 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இன்னும் வலிமையானது. அது தூரத்துக்கேற்ப 250, 400, 600 யூரோ என இழப்பீட்டை வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். சிங்கப்பூரிலிருந்து அங்குச் செல்லும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் பொருந்தும். ஆகவே, இழப்பீட்டைக் கேட்குமுன், எந்நாட்டிலிருந்து புறப்படுகிறோம், எந்நாட்டு நிறுவனத்தில் செல்கிறோம் என்னும் இரண்டையும் பயணி தெளிய வேண்டும்.

நிறுத்தப்படுவோர் யார்?

இடம் போதாதபோது நிறுவனம் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. பொதுவாக, கடைசியில் வந்து பதிவு செய்தவர், இருக்கை எண் பெறாதவர், மிகக் குறைந்த கட்டணத்தில் வந்தவர், அந்நிறுவனத்தில் அடிக்கடி பயணம் செய்யாதவர் ஆகியோர் முதலில் நிறுத்தப்படக்கூடும். துணையின்றிச் செல்லும் சிறுவர், உடற்குறையுடையோர், கைக்குழந்தையுடன் வருவோர் ஆகியோரைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஊர் செல்லும் தொழிலாளியே இதில் பெரிதும் பொருந்துகிறார். மலிவான சீட்டை முகவர் வழியாக வாங்கியவர் அவர். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக்கட்டணம் செலுத்தாதவர். கைப்பேசியில் முன்கூட்டிப் பதிவு செய்யும் வழக்கம் அறியாதவர். வேலை முடிந்து பெட்டி கட்டிப் புறப்பட்டுத் தாமதமாக வருபவர். வாயிலில் ஆங்கிலத்தில் வாதாட இயலாதவர். கட்டணத்தை அவரால் மாற்ற இயலாது. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை மாற்றலாம்.

முன்காப்பு

முதலாவது, சீட்டு உண்மையில் சீட்டுத்தானா என்பதை உறுதி செய்தல் வேண்டும். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் முகவரிடம் சீட்டு வாங்குவோர் பலர். முகவர் தரும் தாளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பதிவுக் குறியீடு இருக்கும். அது இடம் கேட்டதற்கு அடையாளம். பணம் சேர்ந்து சீட்டு வழங்கப்பட்டதற்கு அதுவே சான்றாகிவிடாது. பல நிறுவனங்கள் சீட்டு வழங்கியதும் 13 இலக்கச் சீட்டு எண் ஒன்றைத் தருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சீட்டெண் 618 என்றும், ஏர் இந்தியா சீட்டெண் 098 என்றும் தொடங்கும். இவ்வெண் முறையைப் பின்பற்றாத மலிவுக் கட்டண நிறுவனங்களும் உண்டு. எந்த நிறுவனமாயினும், அதன் இணையப் பக்கத்தில் குறியீட்டையும் பெயரையும் இட்டுப் பார்த்து, பதிவு உறுதியாகியுள்ளதா எனத் தெளிதல் நலம். முகவரின் எண்ணை மட்டுமன்றித் தம் கைப்பேசி எண்ணையும் பதிவில் சேர்க்கச் சொல்ல வேண்டும். விமானம் மாறினாலும் நேரம் மாறினாலும் செய்தி நேரே வந்து சேரும்.

இரண்டாவது, இருக்கை எண்ணை முன்னரே பெறுதல். இருக்கை எண் அசைக்க முடியாத உரிமை அன்று. எனினும், எண் பெற்றவரை விட்டு எண் பெறாதவரை நிறுத்துவதே எளிது. சீட்டில் எண்ணுக்குப் பதிலாக விமான நிலையத்தில் ஒதுக்கப்படும் என்று இருந்தால், அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, முன்கூட்டியே பயணப்பதிவு செய்தல். இணையவழிப் பயணப்பதிவைப் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னரே தொடங்கும் நிறுவனங்கள் உண்டு. தொடங்கிய அன்றே அதனை முடித்துவிட வேண்டும். கைப்பேசி வழக்கம் இல்லாதவர்க்கு வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் சில நிமிடங்களில் செய்து தரலாம். பயண ஆவணங்களை நேரில் பார்த்த பின்னரே ஏறும் சீட்டைத் தரும் நிறுவனங்களும் உண்டு. அத்தகைய இடங்களில் இணையப்பதிவு செய்தவரும் முகப்புக்கு நேரத்தோடு செல்ல வேண்டும்.

நான்காவது, நேரத்துக்கு முந்துதல். நிறுவனங்கள் பலவும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே முகப்பை மூடிவிடுகின்றன. அதன் பின்னர் வந்தவர் இடம் மறுக்கப்பட்டவராகக் கருதப்படுவதில்லை. தாமதமாக வந்தவராகவே கருதப்படுவார். இழப்பீடு கேட்கும் தகுதியும் அவர்க்குப் போய்விடும். மூன்று மணி நேரம் முன்னரே நிலையத்தில் இருப்பது நன்று. லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டவுன் வழித்தடத்தில் எக்ஸ்போ வரை சென்று, அங்கு மாறினால் அடுத்த நிலையமே சாங்கி விமான நிலையம். ஆயினும், நள்ளிரவுக்குப் பின்னர் இரயில் ஓடாது என்பதை விடியற்காலை விமானத்தில் செல்வோர் மறக்கலாகாது.

ஐந்தாவது, பயண நாளைத் தேர்தல். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சென்று சேரும் விமானத்தை நம்புவது தகாது. நாளொன்றுக்குப் பல விமானங்கள் செல்லும் ஊராயின், முதலிற் புறப்படுவதில் பதிவு செய்தால் இடம் மறுக்கப்பட்டாலும் அன்றே செல்ல வழியுண்டு. கடைசி விமானத்தில் அந்த வாய்ப்பு இல்லை. வழியில் விமானம் மாற வேண்டுமாயின் இரண்டு பகுதிகளும் ஒரே சீட்டில் இருத்தல் வேண்டும். தனித்தனிச் சீட்டாயின், முதற்பகுதியில் நேர்ந்த இடமறுப்புக்காக இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது.

இடம் இல்லை என்று கூறப்பட்டால்

முகப்பில் அமைதி இழத்தல் கூடாது. அங்கிருந்து விலகிச் செல்லுதலும் கூடாது. முதலில், விட்டுக்கொடுப்போர் உள்ளனரா எனக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டலாம். மரணம், திருமணம் போன்ற காரணம் இருப்பின் அதனைத் தெளிவாகக் கூற வேண்டும். காரணம் அறியாத ஊழியர்க்கு எல்லாப் பயணியும் ஒன்றே.

அடுத்து, நிறுத்தப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில் பெற வேண்டும். தாமாக விட்டுக்கொடுத்ததாகக் குறிக்கும் தாளில், பொருளறியாமல் கையெழுத்திடுதல் பெரும் பிழையாகும். விருப்பத்துடன் விட்டவர் பெறுவது பேசி முடித்த தொகை மட்டுமே. விருப்பமின்றி நிறுத்தப்பட்டவர்க்கே சட்டம் வகுத்த இழப்பீடு உண்டு. ஒரே கையெழுத்து இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது.

உண்மையாகவே நேரம் உள்ளவர் விட்டுக்கொடுத்துப் பயன்பெறலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால், கேட்டுத் தெளிய வேண்டியவை சில உள்ளன. அடுத்த விமானத்தில் இடம் உறுதியா, காத்திருப்போர் பட்டியலா? தருவது பணமா, அந்நிறுவனத்தில் மட்டும் செல்லும் பற்றுச்சீட்டா? பற்றுச்சீட்டாயின் எந்நாள் வரை செல்லும்? உணவும் தங்குமிடமும் உண்டா? ஏற்றப்பட்ட பெட்டி எங்கே? இவற்றுக்குரிய விடையையும் எழுத்தில் பெறுதல் வேண்டும்.

சீட்டு, ஏறும் சீட்டு, பெட்டிக்குரிய துண்டு, செலவுக்கான இரசீதுகள் ஆகிய அனைத்தையும் காத்து வைக்க வேண்டும். இந்தியாவில் நேர்ந்த குறையை விமான நிலையத்திலேயே நிறுவன அதிகாரியிடம் கூறுவதுடன், ஏர்சேவா என்னும் அரசாங்கத் தளத்தில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். சிங்கப்பூருக்குத் திரும்பும் தொழிலாளி, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் தவறுமாயின், தாமதக் காரணத்தை அன்றே முதலாளிக்குத் தெரிவித்து, நிறுவனம் தந்த எழுத்தையும் அனுப்புதல் அவருக்குப் பாதுகாப்பாகும்.

அறிந்தார் கடன்

மிகைப்பதிவை முற்றும் ஒழிக்க வேண்டும் என்பாரும் உளர். அவ்வாறு ஒழித்தால் காலி இருக்கைகள் பெருகும். அவற்றின் விலையும் ஏனையோர் கட்டணத்தில் ஏறும் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், எல்லோர்க்கும் கட்டணம் குறையும்பொருட்டு ஒருவர் துன்புற வேண்டியிருக்குமாயின், அத்துன்பத்துக்கு உரிய விலையைக் கொடுப்பது முறைமை. சைமன் 1968இல் கூறியதன் சாரம் அதுவே. அவ்விலையைச் சட்டம் வகுத்துள்ள நாடுகளில் பயணி அதனைக் கேட்டுப் பெறலாம். வகுக்காத நாடுகளில் முன்னறிவே அவருக்குக் காப்பு.

முன்னாளில் எழுத்தறியாதார்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லியும் எழுத்தறிந்தோர் உதவினர். இன்று கடிதத்தின் இடத்தில் விமானச் சீட்டு இருக்கிறது. அதில் உள்ள குறியீடு யாது, சீட்டெண் யாது, முகப்பு மூடும் நேரம் எது, எந்தத் தாளில் கையெழுத்திடலாகாது என்பவற்றை வகுப்பறையில் அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஒரு மாணவர் அதனை வீட்டில் தந்தைக்குச் சொல்வார். தந்தை உடன் பணிபுரியும் தொழிலாளிக்குச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் கூடுவோரிடையே அச்செய்தி பரவுமாயின், அடுத்த தீபாவளிக்கு ஊர் புறப்படுவோருள் ஒருவரேனும் நேரத்தோடு சென்று, இருக்கை எண்ணுடன் வரிசையில் நிற்பார். அவருக்காக ஊரில் காத்திருப்போர் வழிபார்த்து ஏமாற நேராது.